கல்நார் புற்றுநோயில் வைரஸுக்கும் பங்கு உண்டா? அப்பாவின் பயாப்ஸி வந்தபின் கேட்கிறேன்

பல்லடத்துக்காரன் | திங்கள் இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. தீபாவளிக்கு முன்னாலிருந்தே வலது விலாவில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு எடுத்தார்கள். முதல் தடவை ஒன்றரை லிட்டர், டீத்தண்ணி நிறத்தில், லேசாக ரத்தம் கலந்து. டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் விடாமல் சாப்பிட்டார். நீர் மறுபடி சேர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விலா இடுக்கில் கேமரா விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். போன வாரம் ரிசல்ட் வந்தது. மெசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வருகிற புற்றுநோய்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன வேலை பார்த்தார்?" என்பதுதான். 1983-லிருந்து ஷீட் போடுகிற வேலை. சோமனூர், மங்கலம், பல்லடம் சுற்றுவட்டாரத்தில் அப்பா கூரை போடாத தறி குடோன் குறைவு. ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் ஷீட் என்றால் உடனே அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். இதைச் சொன்னதும் டாக்டர் தலையாட்டினார். எங்களுக்கு விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது.

இப்போது பிரச்சினை வேறு. எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி ஓடுகிறது. போலியோ மருந்தில் குரங்கு வைரஸ் இருந்தது, அதன் பெயர் எஸ்.வி.40, மெசோதீலியோமா வருவதே அதனால்தான், கல்நார் மேல் சும்மா பழி போடுகிறார்கள் என்று. தங்கச்சிக்கு ஒன்றரை மாதக் குழந்தை இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை சொட்டு மருந்து வேண்டாம் என்று பிடிவாதமாக நிற்கிறார். நல்ல மனுசன், பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் செய்தியில் எது உண்மை, எது பொய் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சென்னிமலை நெசவு | திங்கள் இரவு 11:02

படித்ததும் மனசு கனத்துப்போச்சுங்க. எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் முதலில் டி.பி. என்றே சொன்னார்கள். இந்தப் பக்கம் நெஞ்சில் நீர் என்றால் நேரே பெருந்துறை சானடோரியத்துக்குப் போ என்பதுதான் அந்தக் காலத்திலிருந்து பழக்கம். வைரஸ் பற்றி எனக்குத் தெரியாது. அப்பாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபி வாத்தியார் | செவ்வாய் காலை 6:15

தம்பி, நான் முப்பது வருடம் உயிரியல் எடுத்தவன். அந்தச் செய்தியில் பாதி உண்மை. அதனால்தான் அதை மறுப்பது கஷ்டமாக இருக்கிறது. முதலில் உண்மையான பாதியைச் சொல்கிறேன்.

1955-ல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசி வந்தது. அந்த வைரஸைக் குரங்குச் சிறுநீரகச் செல்களில்தான் வளர்த்தார்கள். பிறகு ஃபார்மலின் போட்டுக் கொன்றார்கள். போலியோ வைரஸ் செத்தது. ஆனால் அதே குரங்குச் செல்லில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு வைரஸ் இருந்தது, அது முழுதாகச் சாகவில்லை. அங்கே அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்த பெர்னிஸ் எடி என்ற அம்மையார் அந்தக் குரங்குச் செல் சாற்றை வெள்ளெலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். கட்டி வந்தது. 1960-ல் அந்த வைரஸை அடையாளம் கண்டு எஸ்.வி.40 என்று பெயர் வைத்தார்கள், கண்டுபிடித்த குரங்கு வைரஸ்களில் நாற்பதாவது என்று பொருள். 1961-க்குப் பிறகு புதிதாகச் செய்யும் மருந்தில் அது இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஆனால் ஏற்கெனவே செய்து வைத்திருந்த மருந்தைத் திரும்பப் பெறவில்லை, 1963 வரை அதுவும் ஓடியது. கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் உடம்பில் இந்த வைரஸ் போயிருக்கலாம் என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். எடி அம்மையாரை மேலதிகாரிகள் மட்டம் தட்டினார்கள், ஆய்வகத்தையே பறித்துக்கொண்டார்கள். இதெல்லாம் நடந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

மெசோதீலியோமா கதை 1993-ல் தொடங்குகிறது. எஸ்.வி.40-ஐ வெள்ளெலியின் நெஞ்சு உறைக்குள் நேராகச் செலுத்தினார்கள். எல்லா எலிக்கும் மெசோதீலியோமா வந்தது. அடுத்த வருடம் மிக்கேல் கார்போனே என்பவரின் குழு மனிதர்களின் மெசோதீலியோமாக் கட்டிகள் 48-ஐச் சோதித்தது. 29-ல் அந்த வைரஸின் துண்டு இருக்கிறது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

கரூர் மாமா | செவ்வாய் காலை 7:48

வாத்தியாரே சொல்லிவிட்டார், பார்த்தீர்களா? 48-ல் 29 என்றால் பாதிக்கு மேல். எனக்குத் தடுப்பூசி மேல் விரோதம் எதுவும் கிடையாதுங்க, என் பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டேன். ஆனால் கண்டுபிடித்த அம்மாவை ஓரங்கட்டியிருக்கிறார்கள், மருந்தைத் திரும்பப் பெறாமல் விட்டிருக்கிறார்கள். அப்புறம் நாம் எப்படி நம்புவது? வருடக்கணக்காகக் கல்நார்த் தூசியில் நின்ற எல்லோருக்குமா இந்த நோய் வருகிறது? ஒருவருக்கு வருகிறது, பக்கத்தில் நின்றவருக்கு வருவதில்லை. அப்படியானால் கூட இன்னொன்று சேர்ந்தால்தானே நோய் வரும்? அந்த இன்னொன்று ஏன் வைரஸாக இருக்கக்கூடாது?

கோபி வாத்தியார் | செவ்வாய் காலை 8:30

கேள்வி நியாயமானது மாமா. ஆராய்ச்சிக்காரர்களும் இதையேதான் கேட்டார்கள். கருப்பை வாய்ப் புற்று வைரஸால் வருகிறது என்று கண்டவருக்கு 2008-ல் நோபல் கொடுத்தார்கள். கல்லீரல் புற்றுக்கு மஞ்சள்காமாலை பி வைரஸ் ஒரு காரணம். ஆக, வைரஸ் புற்றை உண்டாக்கும் என்பது கற்பனை அல்ல.

எஸ்.வி.40 செல்லுக்குள் போனால் என்ன செய்யும் என்பதும் தெளிவாகத் தெரியும். டி ஆன்டிஜன் என்று ஒரு புரதத்தைச் செய்யும். நம் செல்லில் பி53 என்று ஒரு காவல்காரப் புரதம் இருக்கிறது. டி.என்.ஏ. கெட்டுப்போனால் செல் பெருகுவதை நிறுத்துவது அதன் வேலை. டி ஆன்டிஜன் போய் அதைக் கட்டிப்பிடித்து முடக்கிவிடும். மனிதரின் மற்ற பல செல்களில் இந்த வைரஸ் பெருகி, செல்லையே வெடிக்கவைத்துவிடும். நெஞ்சு உறைச் செல் பெரும்பாலும் அப்படி வெடிப்பதில்லை, செல் பிழைத்துக் கெட்டுப்போகிறது. 2006-ல் வெள்ளெலிகளுக்குக் கல்நாரைக் கொஞ்சமாகக் கொடுத்து, கூடவே வைரஸையும் கொடுத்தார்கள். தனித்தனியே கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்தபோது கட்டி அதிகமாக வந்தது. எலிக்கு உண்மை. மனிதனுக்கு உண்மையா என்பதில்தான் சண்டை.

ரேஸ்கோர்ஸ் லேப் அக்கா | செவ்வாய் மதியம் 1:20

நான் கோவையில் ஒரு லேபில் பி.சி.ஆர். பார்க்கிறேன், பதினோரு வருடம் ஆகிறது. அந்த 48-ல் 29 பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அது எங்கள் மேசையில் நடக்கிற விஷயம்.

பி.சி.ஆர். என்பது ஒரு டி.என்.ஏ. துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கும் வேலை. மாதிரியில் பத்தே பத்து துண்டு இருந்தால்கூடப் பெருக்கிக் காட்டிவிடும். அதன் பலம் அதுதான், ஆபத்தும் அதுதான். வெளியிலிருந்து ஒரு துளி வந்து விழுந்தால் அதையும் பெருக்கிவிடும். பெருகிய துண்டு ஜெல் என்ற தகட்டில் ஒரு கோடாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு குழாயில் மாதிரியே போடாமல் சுத்தத் தண்ணீர் மட்டும் விட்டு ஓட்டுவோம். அந்தக் குழாயில் எதுவும் வரக்கூடாது.

எனக்கு வேலை புதிது. ஒரு நாள் சாயங்காலம் ஜெல்லை விளக்கு மேல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நோயாளிகளில் ஏழு பேருக்குக் கோடு பளிச்சென்று தெரிகிறது. கடைசியில் தண்ணீர்க் குழாய்க்கும் அதே இடத்தில், அதே பளபளப்பில் ஒரு கோடு. கை நடுங்கிவிட்டது. அந்த ஏழு பேரில் யாருக்கு நிஜமாக இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. திரவத்தை அளந்து விடுகிற பைப்பெட்டைத் துடைத்து, முனைகள் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு, தண்ணீரை மாற்றி, மூன்று நாள் தேடினோம். அதற்கு முந்தின வாரம் அதே மேசையில் யாரோ பெருக்கிய துண்டு காற்றில் தெறித்து பைப்பெட்டின் உள்ளே ஒட்டியிருந்திருக்கிறது. ஏழு பேரின் ரிப்போர்ட்டையும் நிறுத்தினோம்.

எஸ்.வி.40 விஷயத்தில் ஆபத்து இதைவிடப் பெரியது. அந்த வைரஸின் துண்டுகள் உலகத்தில் உள்ள பல மரபணு லேபுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு மரபணுவைச் செல்லுக்குள் வேலை செய்ய வைப்பதற்காகப் பிளாஸ்மிட் என்ற வளைய டி.என்.ஏ.வில் எஸ்.வி.40-இன் துண்டைச் சேர்த்தே விற்கிறார்கள். 2004-ல் லோபஸ் ரியோஸ் என்பவரின் குழு இதைத்தான் பிடித்தது. அவர்களுக்கும் முதலில் பாதிக்கு மேல் கட்டிகளில் வைரஸ் இருப்பதாகத்தான் வந்தது. சந்தேகப்பட்டு, வைரஸின் வேறு பகுதியைப் பிடிக்கிற பிரைமரை (எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று காட்டுகிற சின்ன டி.என்.ஏ. துண்டை) வைத்து மறுபடி ஓட்டினார்கள். பிளாஸ்மிட்டில் இருக்கிற பகுதியைத் தேடினால் கோடு வருகிறது, பிளாஸ்மிட்டில் இல்லாத பகுதியைத் தேடினால் கோடு வருவதில்லை. உண்மையான வைரஸ் இருந்திருந்தால் இரண்டும் வந்திருக்கவேண்டும். கட்டியில் தெரிந்தது லேபின் சொந்தத் தூசி.

அதற்கு முன்னாலேயே, 2001-ல், ஒன்பது லேபுகளுக்குப் பெயர் மறைத்து ஒரே மாதிரிகளை அனுப்பியிருந்தார்கள், 25 மெசோதீலியோமா, 25 சாதாரண நுரையீரல். எந்த மெசோதீலியோமாவிலும் வைரஸ் இருக்கிறது என்று லேபுகள் ஒத்துப்போகவில்லை.

கார்போனேயின் குழு ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயில் கோடு வந்த அன்று நானும் ஏமாற்றவில்லை.

கரூர் மாமா | செவ்வாய் மாலை 6:55

அக்கா, தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் இன்னொன்று படித்தேன். பின்லாந்திலும் துருக்கியிலும் மெசோதீலியோமாக் கட்டிகளில் எஸ்.வி.40 இல்லவே இல்லையாம். பின்லாந்தில் அந்தக் கெட்ட மருந்து போடவில்லையாம். போட்ட நாட்டில் வைரஸ் இருக்கிறது, போடாத நாட்டில் இல்லை என்றால் அது வைரஸுக்குச் சாதகமான சாட்சிதானே?

நெஞ்சுநோய் டாக்டர் | செவ்வாய் இரவு 9:30

ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மாமா, அதே சாட்சியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். துருக்கியில் கப்படோக்கியா பகுதியில் கராய்ன், துஸ்கோய் என்று சில கிராமங்கள். அங்கே வீடு கட்டுகிற கல்லிலேயே எரியோனைட் என்ற நார்க் கனிமம் இருக்கிறது. கல்நார்கூட இல்லை, கல்நார் மாதிரி இன்னொன்று. அந்தக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு மெசோதீலியோமாவில் செத்திருக்கிறார்கள். வைரஸ் இல்லை, ஆனால் நோய் வெள்ளமாக இருக்கிறது. ஆக, நார் போதும், வைரஸ் கட்டாயம் இல்லை என்பது அங்கேயே தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில் நீலக் கல்நார்ச் சுரங்கத்தைச் சுற்றி இந்த நோயைப் பார்த்து வாக்னர் என்ற மருத்துவர் 1960-ல் 33 பேரைப் பற்றி எழுதினார். அதிலும் சுரங்கத்தில் இறங்காத, பக்கத்து ஊரில் சும்மா வாழ்ந்தவர்கள் இருந்தார்கள்.

வைரஸ் கொஞ்சமாவது கூட்டிவிடுகிறதா என்பதுதான் மிச்சக் கேள்வி. அதற்கு மனிதர்களின் கணக்கைத்தான் பார்க்கவேண்டும். டென்மார்க்கில் யார் எந்த வருடம் பிறந்தார்கள், யாருக்குப் புற்று வந்தது என்று நாடு முழுக்கப் பதிவு உண்டு. குழந்தையாக இருக்கும்போது அந்தக் கெட்ட மருந்து போட்ட தலைமுறையையும், சுத்தமான மருந்து வந்தபின் பிறந்த தலைமுறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2003-ல் முடிவு வந்தது. அந்தக் கெட்ட மருந்து போட்டவர்களுக்கு மெசோதீலியோமா கூடுதலாக இல்லை. அமெரிக்காவிலும் 1998-லிருந்தே இப்படிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே நோய் கூடியது வயதான ஆண்களிடம், கப்பல் கட்டும் தளத்திலும் கொதிகலன் அறையிலும் வேலை பார்த்த ஆண்களிடம். ஊசி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகத்தான் போட்டார்கள். பெண்களிடம் அப்படிக் கூடவில்லை.

அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2002-ல், மனிதரில் புற்று உண்டாக்குகிறது என்று ஏற்கவோ தள்ளவோ சான்று போதாது என்றது. உலகப் புற்று ஆய்வு முகமை 2012-ல் கூடி எஸ்.வி.40-ஐ மூன்றாம் பிரிவில் வைத்தது. மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாதவை அந்தப் பிரிவில் வரும். கல்நார், எல்லா வகையும், வெள்ளைக் கல்நாரும் சேர்த்து, முதல் பிரிவு. சந்தேகமே இல்லாத பிரிவு.

ஒருவருக்கு வந்து பக்கத்தில் நின்றவருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு பதில் 2011-ல் கிடைத்தது. பி.ஏ.பி.1 என்ற மரபணு பிறவியிலேயே பழுதாக இருக்கும் குடும்பங்களில் இந்த நோய் அதிகம் வருகிறது. அந்த ஆய்வில் முன்நின்றவர்களில் அதே கார்போனேயும் ஒருவர். எத்தனை தூசி, எத்தனை வருடம் என்பதும் சேரும். நோய் வெளியே வர இருபது முதல் ஐம்பது வருடம் பிடிக்கிறது. பல்லடத்துத் தம்பி சொன்ன 1983 சரியாகப் பொருந்துகிறது.

பீடி பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்று பல மடங்கு கூடும். மெசோதீலியோமாவுக்குப் புகை காரணம் இல்லை. "நீ பீடி குடித்ததால்தான் வந்தது" என்று வீட்டில் யாராவது அப்பாவைச் சொன்னால் நிறுத்துங்கள்.

பல்லடத்துக்காரன் | புதன் காலை 5:50

டாக்டர், அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் அத்தை தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று சொல்லிவிடுகிறேன்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சின்ன வயதில் போலியோ மருந்து போட்டார்களா என்று கேட்டேன். "எங்க காலத்துல காட்டுக்குள்ள எவன் சாமி ஊசி கொண்டாந்து போட்டான்" என்றார். அவர் பிறந்தது 1959. நம் நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் தடுப்பூசி என்ற திட்டமே 1978-ல்தான் தொடங்கியது என்று வாத்தியார் தனிச்செய்தியில் சொன்னார். அப்போது அப்பா ஷீட் வேலைக்குப் போகாத, மீசை முளைத்த இளவட்டம்.

அப்புறம் அப்பா வேலையைப் பற்றிச் சொன்னார். முன்னே எல்லாம் ஆக்ஸா பிளேடில்தான் ஷீட் அறுப்பார்களாம். மெஷின் வந்தபிறகு தூசி கண் மறைக்குமாம். ஜே போல்ட்டுக்கு ஓட்டை போடும்போது கூரைமேல் குப்புறப் படுத்து, துளை நேராக வருகிறதா என்று ஊதி ஊதிப் பார்ப்பாராம். ஊதின பொடி திரும்ப மூக்கில்தான் ஏறும். சாயப்பட்டறை பாய்லரில் பழைய கல்நார்க் கயிற்றைப் பிரித்துப் புதிது சுற்றுகிற வேலைக்கும் இரண்டு வருடம் போயிருக்கிறார். அது பஞ்சு மாதிரி கையில் ஒட்டுமாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடுப்பார். அம்மா வாசலில் நின்று இரண்டு தட்டு தட்டி உதறிவிட்டுத்தான் வாளியில் போடுவார். அந்த உதறலில் வெயிலில் பொடி மினுங்குவது எனக்கே நினைவிருக்கிறது. அப்பா மேல் ஓடிப்போய் ஏறுவேன்.

டாக்டர், அம்மாவுக்கு என்ன செய்வது?

நெஞ்சுநோய் டாக்டர் | புதன் காலை 7:10

துணி துவைத்த மனைவிகளுக்கு இந்த நோய் வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது, அதனால் கேட்டது சரி. பயமுறுத்தவில்லை, பெரும்பாலானோருக்கு வருவதில்லை. அம்மாவுக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து வையுங்கள். மூச்சுத் திணறல், விலா வலி என்றால் தள்ளிப்போடாமல் வாருங்கள், வரும்போது இந்தத் துணி விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கும் அதேதான்.

மங்கலம் தறி | புதன் காலை 9:05

எனக்கு நாற்பது தறி, இரண்டு குடோன், எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் இல்லைங்க. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடட்டுமா?

நெஞ்சுநோய் டாக்டர் | புதன் காலை 9:40

அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், பிரிக்கிற அன்றுதான் தூசி அதிகம். ஷீட்டில் நார் சிமெண்டோடு இறுகியிருக்கிறது. முழுதாக இருக்கிறவரை பெரிய ஆபத்து இல்லை. அறுப்பது, ஓட்டை போடுவது, சுத்தியால் உடைப்பது, காய்ந்த ஷீட்டைத் தேய்ப்பது, இவைதான் நாரை வெளியே விடும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் அடித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். வேலை செய்கிறவர்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், துண்டு கட்டினால் போதாது. உடைந்த துண்டுகளை வண்டித்தடத்தில் கொட்டி மட்டம் தட்டுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு, அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சூலூர் தோழர் | புதன் மதியம் 12:30

சட்டப் பக்கம் ஒன்று. 1995-ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவேட்டைக் கம்பெனி வைத்திருக்கவேண்டும் என்றது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் மெசோதீலியோமாவும் தொழில்நோயாகவே இருக்கின்றன. ஆனால் உங்கள் அப்பா மாதிரி மேஸ்திரியிடம் தினக்கூலிக்குப் போனவருக்கு எந்தக் கம்பெனி பதிவேடு வைக்கும்? எனக்கு இதில்தான் வயிறு எரிகிறது. கல்நார்ச் சுரங்கத்துக்கு அரசு புதிய குத்தகை கொடுப்பதை 1986-லேயே நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது மட்டும் நிற்கவில்லை. வைரஸா இல்லையா என்று நாம் பேசுகிற நேரத்தில் எங்கோ ஒரு பையன் கூரைமேல் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பான்.

அப்பா யார் யாரிடம், எந்தெந்த வருடம், எந்தக் குடோனில் வேலை செய்தார் என்று இப்போதே அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதி, கூட வேலை செய்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கரூர் மாமா | புதன் மாலை 5:20

அந்தச் செய்தியை நானும் இரண்டு குழுவில் அனுப்பியிருந்தேன். இந்த இழையை அதே இரண்டு குழுவிலும் போட்டுவிட்டேன். தம்பி, அப்பாவை வந்து பார்க்கலாமா?

பல்லடத்துக்காரன் | வெள்ளி இரவு 9:15

வாங்க மாமா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்போம்.

இரண்டு விஷயம். நேற்று மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து லேப் அக்கா எழுதிய தண்ணீர்க் குழாய்க் கதையைப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தார். இப்போது கொடுக்கிற சொட்டு மருந்தில் அந்த வைரஸ் இருக்குமா என்று கேட்டார். இப்போதெல்லாம் அது இல்லாமல்தான் செய்கிறார்கள் என்று அக்கா போனில் சொன்னார். நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசிக் குழந்தைக்கு நோய் வந்தது 2011 ஜனவரியில், சொட்டு மருந்தால்தான் அது நின்றது என்பதையும் சொன்னார். இன்று காலை பி.எச்.சி.க்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது.

இன்னொன்று, அப்பாவின் கேஸ் ஷீட். முதல் பக்கத்தில் பீடி என்ற கட்டத்தில் டிக் அடித்து, எத்தனை வருடம் என்றுகூட எழுதியிருந்தார்கள். தொழில் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. இன்று ஓ.பி.யில் பேனாவை வாங்கி நான் எழுதப்போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு டாக்டரிடம் கொடுத்தார். "நீங்களே எழுதுங்க, அப்பத்தான் செல்லும்" என்றார். டாக்டர் எழுதினார்: ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேலை, 1983 முதல் 2011 வரை. கீழே பாய்லர் கயிறு, இரண்டு வருடம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

சோமனூரில் அப்பாவோடு வேலை செய்த மூன்று பேரின் வீடு தெரியும். நாளைக்குப் போகிறேன்.